பழைய செயற்கூறை எப்போது எடுப்பது? யாரிடம் சொல்லிவிட்டு எடுப்பது?

2025 பெப்ரவரி 9. கல்முனை வாசகர் ஒருவரின் கேள்வி

"மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துப் பாவிக்கும் சிறிய நிரல் நூலகம் ஒன்றைப் பராமரிக்கிறேன். ஒரே வேலைக்கு இரண்டு செயற்கூறுகள், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுகள், அதில் இருக்கின்றன. ஒன்று படிக்கும் காலத்தில் அவசரமாக எழுதியது, மற்றது ஒழுங்கானது. அடுத்த பதிப்பில் பழையதை எடுத்துவிடப் போகிறேன். வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி எழுதுவேன். அதைப் படிக்காமல் ஏற்றுகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை. யாருக்காவது மறுப்பு உண்டா?"

2025 பெப்ரவரி 9, இரவு

மறுப்பு உண்டு, தம்பி. சென்ற மாதம் நீங்கள் ஏற்றிய நூலகங்களில் எத்தனையின் வெளியீட்டுக் குறிப்பைப் படித்தீர்கள்?

நானும் இதே வேலையைச் செய்தவன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை, இன்றைய கணினிகளின் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றுவதும் அடையாள அட்டை எண்ணைச் சரிபார்ப்பதும் என் நூலகத்தின் வேலை. பாமினிக் கோப்பில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் விளங்காது. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் அச்சகம், சங்கம், கடை என்று எத்தனையோ இடங்களில் இருபது வருடத்துப் பெயர்ப் பட்டியல்கள் அப்படித்தான் இருக்கின்றன. முதலில் "பாமினி_மாற்று" என்ற பெயரில் ஒரு செயற்கூறு எழுதினேன். பிறகு வேறு எழுத்துருக்களும் சேர்ந்ததால் "எழுத்து_மாற்று" என்று புதிதாக எழுதினேன். 2.0 பதிப்பில் பழைய பெயரை எடுத்தேன். ஒத்திசைவை முறிக்கும் மாற்றம் என்றால் பதிப்பின் முதல் எண்ணை உயர்த்த வேண்டும் என்பது விதி. உயர்த்தினேன். குறிப்பிலும் எழுதினேன். விதிப்படி என்னிடம் ஒரு குறையும் இல்லை.

பெரும்போக அறுவடைக் காலம். ஏறாவூர் தாண்டி ஒரு நெல் ஆலை. அவர்களுடைய கணினியைப் பார்த்துக்கொள்ளும் பையன், வட்டு பழுதாகி எல்லாவற்றையும் மறுபடி நிறுவியிருக்கிறான். பதிப்பு எண் குறிப்பிடாமல் நூலகத்தை ஏற்றியதால் 2.0 வந்து உட்கார்ந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு முதல் உழவு இயந்திரம் மூடைகளுடன் தராசுக்கு வந்தது. பற்றுச்சீட்டு வரவில்லை. அந்தப் பெயர் நூலகத்தில் இல்லை என்ற பிழை திரையில் வந்தது. அதைப் பார்த்தவர் ஆலையின் கணக்கப்பிள்ளை. அறுபது வயது தாண்டியவர். பையனின் தொலைபேசி வேலை செய்யாததால், நிரலின் அடியில் என் இலக்கம் இருந்ததைக் கண்டு எனக்கு எடுத்தார். "மகன், இதில் என்ன எழுதியிருக்கிறது? நான் எதையாவது அழித்துவிட்டேனா?" என்று கேட்டார்.

கல்லடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனேன். நான் போய்ச் சேரும்போது அவர் பழைய கார்பன் புத்தகத்தைத் தேடியெடுத்து, விரலெல்லாம் நீலமாகச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் ஒன்பது இயந்திரங்கள் நின்றன. பழைய பெயரைப் புதிய செயற்கூறுக்குத் திருப்பிவிட்டேன். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை 2.0-இல் நானே விட்டுவைத்திருந்தால் அவர் தன்மேல் பிழை இருக்குமோ என்று அஞ்சியிருக்க மாட்டார்.

"பொறுப்பில்லை" என்று நீங்கள் எழுதியதை ஏற்க முடியாமல் இருப்பது இதனால்தான். படிக்காமல் ஏற்றியவன் பையன். அனுபவித்தவர் கணக்கப்பிள்ளை ஐயா. உங்கள் குறிப்பு அவருக்கு எழுதப்படவே இல்லை.

2025 பெப்ரவரி 10, காலை

சரி, எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய செயற்கூறின் உடலை, அதாவது உள்ளே இருக்கும் நிரலை எறிந்துவிடுங்கள், பெயரை மட்டும் வைத்திருங்கள். அந்தப் பெயர் உள்ளே புதியதை அழைக்கட்டும். அப்போது பராமரிக்க வேண்டியது ஒரே உடல். இரண்டு உடல்களை வைத்துக்கொண்டால் ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் தங்கிவிடும்.

பிறகு எச்சரிக்கை: பழைய பெயரை யாராவது அழைத்தால், அது போகப் போகிறது என்று நூலகம் சொல்ல வேண்டும். பைதன் நிரல்மொழியில் எச்சரிக்கை விடும்போது ஸ்டாக்லெவல் (stacklevel) 2 என்று கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் எச்சரிக்கை உங்கள் நூலகத்தின் வரியையே காட்டும். பார்ப்பவர் "இது நூலகக்காரன் வீட்டுப் பிரச்சினை" என்று விட்டுவிடுவார். 2 கொடுத்தால் அழைத்தவரின் கோப்பையும் அழைத்த வரியையும் காட்டும். திருத்த வேண்டிய இடம் அதுதான். இந்த ஒரு எண்ணை விட்டுவிட்ட நூலகங்களோடு எத்தனை மாலைகளைத் தொலைத்திருக்கிறேன்!

2025 பெப்ரவரி 10, பிற்பகல்

எச்சரிக்கை வாசகத்தில் மூன்று செய்தி வேண்டும்: எது போகிறது, பதிலுக்கு எது, எந்தப் பதிப்பில். "இது பழையது" என்று மட்டும் எழுதினால் பயம்தான் மிஞ்சும்.

2025 பெப்ரவரி 10, இரவு

ஒருவர் எழுதியிருக்கிறார்: "பைதனில் இந்த எச்சரிக்கை திரைக்கே வராதே, யாருக்காக எழுதுகிறீர்கள்?" நல்ல கேள்வி. பதில் சற்று நீளம்.

முன்னொரு காலத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. நிரலைப் பாவிக்கும் சாதாரண ஆட்களின் திரையில் வந்து விழுந்து அவர்களைக் குழப்பியதால் பைதன் 2.7, 3.2 பதிப்புகளில் இயல்பாக மறைத்தார்கள். மறைத்ததும் நிரல் எழுதுகிறவர்களும் பார்க்காமல் போனார்கள். அதனால் 2018-இல் வந்த 3.7-இல் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள்: நேரடியாக ஓட்டும் முதன்மைக் கோப்பில் அழைப்பு இருந்தால் எச்சரிக்கை தெரியும், இறக்குமதி செய்த கோப்பில் இருந்தால் தெரியாது. பைடெஸ்ட் போன்ற சோதனைக் கருவிகள் அதையும் எடுத்துக் காட்டும். ஆனால் நம் ஊர் நிரல்களில் எத்தனைக்குச் சோதனை எழுதியிருக்கிறோம்?

இன்னொரு வழியும் உண்டு. ஃபியூச்சர்வார்னிங் என்ற வகை எல்லோருக்கும் தெரியும்படி வரும். ஆலைச் சம்பவத்துக்குப் பிறகு என் நூலகத்தின் 2.1 பதிப்பில் பழைய பெயரை மீண்டும் சேர்த்து, அதைத்தான் போட்டேன். யார் கண்ணிலும் படாமல் போகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

2025 பெப்ரவரி 11

நேற்றையதை முடிக்காமல் தூங்கிவிட்டேன். அந்தப் பிடிவாதம் பிழை. ஆரையம்பதியில் ஒரு கடை. அவர்களுடைய நிரல், இயல்பு வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் ஒன்றாகச் சேர்த்து அச்சுப்பொறிக்கு அனுப்பும்படி எழுதப்பட்டிருந்தது. என் எச்சரிக்கை பற்றுச்சீட்டில் அச்சானது. சீனி 2 கிலோ, பருப்பு 500 கிராம், அடுத்த வரியில் "பாமினி_மாற்று 3.0 பதிப்பில் நீக்கப்படும்". வாங்கிய அம்மா ஒருவர் அது என்ன சாமான், அதற்கும் காசு போட்டிருக்கிறீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். கடைக்காரர் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து என்னிடம் காட்டினார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆலையில் எச்சரிக்கையே இல்லாமல் போய்க் கணக்கப்பிள்ளை தவித்தார். இங்கே எச்சரிக்கை போய் வாங்க வந்த அம்மாவைக் குழப்பியது. இரண்டிலும் நிரல் எழுதியவனுக்குச் செய்தி போகவில்லை. திருத்தக்கூடிய கைக்கு அது போக வேண்டும். அதைத் தவிர வேறு யாரிடம் போனாலும் அது இடைஞ்சல்தான்.

இப்போது நான் செய்வது இது. பைதன் 3.13-இல், அதாவது 2024 அக்டோபரில், செயற்கூறின் தலையில் வைக்கும் குறி ஒன்று வந்தது. அதை வைத்தால் அந்தக் குறியை அறிந்த, நிரல் எழுதும் செயலிகளில் எழுதும்போதே பழைய பெயரின் மேல் கோடு விழும். எழுதுகிறவன் எழுதும் நேரத்திலேயே பார்க்கிறான், கடைத் திரையில் ஒன்றும் வராது. ஓடும்போது வரும் எச்சரிக்கையைச் சாதாரண வகைக்கே திருப்பிவிட்டேன். ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்களுக்கு இது பழைய கதை. அவர்களுக்கு 2004-இல் வந்த ஜாவா 5 முதல் அப்படியொரு குறிப்பு இருக்கிறது. 2017-இல் வந்த ஜாவா 9-இல் "எந்தப் பதிப்பிலிருந்து", "நீக்கப்படவே போகிறதா" என்ற இரண்டு விவரங்களையும் அதில் சேர்த்தார்கள். இரண்டாவது விவரம் முக்கியம். "பாவிக்காதே" என்பதும் "இது போகப் போகிறது" என்பதும் ஒன்றல்ல.

2025 பெப்ரவரி 12

எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்விக்கு "இரண்டு பதிப்புகள்" என்று யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். பைதனின் கொள்கையும் ஏறத்தாழ அதுதான்: குறைந்தது இரண்டு பதிப்புகளிலாவது எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆனால் பைதன் வருடத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. நான் ஒரு மாதத்தில் மூன்று வெளியிட்டிருக்கிறேன். என் "இரண்டு பதிப்புகள்" மூன்று கிழமையில் முடிந்துவிடும். எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள்.

காலம் கொடுத்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. கணக்கீட்டுக்கான பைதன் நூலகமான நம்பை "என்பி.இன்ட்", "என்பி.ஃப்ளோட்" போன்ற மறுபெயர்களுக்கு 2021 ஜனவரியில் 1.20 பதிப்பில் எச்சரிக்கை போட்டது. 2022 டிசம்பரில் 1.24-இல் எடுத்தது. ஏறத்தாழ இரண்டு வருடம். அதற்குப் பிறகும் பழைய பாடக் குறிப்பை வைத்துப் படித்த பிள்ளைகள் அந்தப் பிழையோடு என்னிடம் வந்தார்கள். பைதனின் கலெக்ஷன்ஸ் தொகுதியிலிருந்து மேப்பிங் போன்ற பெயர்களை நேரடியாக எடுப்பது 2012-இல் வந்த 3.3-லேயே பழையதாகிவிட்டது. 3.9-இல் எடுக்க இருந்து, அதிகம் பேரின் நிரல்கள் முறிந்துபோகும் என்று தள்ளிவைத்து, 2021-இல் 3.10-இல்தான் எடுத்தார்கள். ஒன்பது வருடம்! எடுத்த நாளில் அப்போதும் நிரல்கள் முறிந்தன. அந்த ஒன்பது வருடத்தில் பெரும்பாலும் எச்சரிக்கை யார் கண்ணிலும் படவில்லை.

என் கணக்கு இப்போது போகத்தில், அதாவது நெற்பருவத்தில்தான் ஓடுகிறது. ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் முழுதாகக் கழிய வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை எதையும் எடுப்பதில்லை. உங்கள் நூலகத்தைப் பள்ளிக்கூடங்கள் பாவித்தால் பரீட்சைக் காலத்தைப் பாருங்கள்.

2025 பெப்ரவரி 13

கல்லடிப் பாலத்தைச் சொல்லாமல் மட்டக்களப்பில் இந்தப் பேச்சு முடியாது. 1924-இல் திறந்த லேடி மனிங் பாலம். 2013-இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்ததும் வாகனங்கள் அதற்கு மாறின. பழையதை உடைக்கவில்லை. மாலையில் இன்றும் சனங்கள் அதில் நடக்கிறார்கள். புதிய வழி திறந்து, அதில் எல்லோரும் போகத் தொடங்கிய பிறகுதான் பழையதன் சுமையைக் குறைத்தார்கள். வரிசை அதுதான்.

2025 பெப்ரவரி 13, இரவு

பாலத்தை எழுதியதிலிருந்து ஒன்று உறுத்துகிறது. பாலம் என்றும் நிற்கட்டும் என்று நான் சொன்னதாக இருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. தன்மையிலேயே ஆபத்தான செயற்கூறை அன்புக்காக வைத்திருக்கக் கூடாது.

ஜாவாவில் ஓர் இழையை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையை, வெளியிலிருந்து நிறுத்தும் ஸ்டாப் என்ற செயற்கூறு இருந்தது. நிறுத்தியதும், தரவை மற்ற இழைகள் தொடாமல் காக்க அந்த இழை பிடித்திருந்த பூட்டுகள் எல்லாம் விடுபடும். பாதி மாற்றிய தரவு அப்படியே மற்ற இழைகளின் கையில் போகும். 1998-இலேயே "பாவிக்காதே" என்று குறித்தார்கள். 2023-இல் வந்த ஜாவா 20-இல்தான் அது அழைத்ததும் பிழை எறியும்படி ஆனது. கால் நூற்றாண்டு! அது பொறுமை என்று எனக்குப் படவில்லை. இணையத்தளங்களுக்கான பிஎச்பி மொழியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கான பழைய செயற்கூறுகளை 2013-இல் குறித்து 2015 இறுதியில் 7.0-இல் எடுத்தார்கள். பலர் திட்டினார்கள். ஆனால் பதிலுக்கு இரண்டு வழிகள் முன்பே தயாராக இருந்தன. அது நியாயம்.

2025 பெப்ரவரி 16

10-ஆம் திகதி காலைக் குறிப்பைத் திருத்துகிறேன். "பழைய உடலை எறிந்துவிடுங்கள்" என்று எழுதினேன். எப்போதும் அல்ல.

என் நூலகத்தின் இன்னொரு வேலை அடையாள அட்டை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தில் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 ஜனவரி முதல் பன்னிரண்டு இலக்கம் வந்தது. பழைய எண்ணின் முன்னால் 19 போட்டு, நாளுக்குப் பிறகு ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தை எடுத்தால் புதிய வடிவம். பழைய அட்டை வைத்திருப்பவர்கள் அதையே வைத்திருக்கிறார்கள், அது செல்லும். எனவே ஒன்பது இலக்கத்தைப் படிப்பது "பழைய வசதி" ஆகாது. செயற்கூறின் பெயர் போகலாம். அட்டை மனிதர்களின் பையில் இருக்கும் வரை அதைப் படிக்கும் திறன் போகக் கூடாது. இந்த வேறுபாட்டை நான் வெகுநாள் உணரவில்லை.

இப்போது பிழைக்கு வருகிறேன். அட்டையில் நாள் எண்ணும்போது எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள்தான். மார்ச் 1 என்றைக்கும் 61. எனக்கு அது தெரியாமல் நாட்காட்டிப்படி கூட்டினேன். லீப் அல்லாத வருடத்தில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் கூடுதலாக வந்தது. களுவாஞ்சிக்குடியில் ஒரு சங்கத்துக்கு நிரல் எழுதிய தங்கச்சி அதைக் கண்டுபிடித்து, எனக்குச் சொல்லாமல் தன் நிரலில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டாள். நான் பிழையைக் கண்டு சத்தமில்லாமல் திருத்தி வெளியிட்டேன். அவளுடைய உறுப்பினர்களின் பிறந்த திகதியெல்லாம் ஒரு நாள் முன்னால் போய்விட்டது. பிழை எறிந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எறியவில்லை. மூன்று மாதம் தவறான திகதிகள் பதிவாகின. ஒரு முதியவரின் ஓய்வூதியப் படிவம் திரும்பி வந்தபோதுதான் அவள் தேடத் தொடங்கினாள்.

ஆலையின் காலையைவிட இது மோசமானது. ஆலையில் நிரல் நின்றுவிட்டதால் ஆள் உடனே எழுதத் தொடங்கினார். இங்கே ஓடிக்கொண்டே பொய் சொன்னது.

ஆகவே திருத்தம் இது: பெயர் மட்டும் மாறினால் பழைய பெயரைப் புதிய உடலுக்குத் திருப்புங்கள். விடை மாறினால் புதிய பெயரில் புதிய செயற்கூறு எழுதுங்கள். பழையதை அதன் பிழையோடு அப்படியே விட்டு, "இந்த நாட்களில் ஒரு நாள் கூடுதலாகத் தரும், சரியானதுக்கு அதைப் பாருங்கள்" என்று எச்சரிக்கையில் எழுதுங்கள். பிழையோடு வைத்திருப்பது மனதுக்கு ஒப்பாது. எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பிழையின் மேல் ஒருத்தி வீடு கட்டிவிட்டாள்.

2025 பெப்ரவரி 17

இப்படிக் குறித்ததை ஆங்கிலத்தில் "deprecated" என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று தனியாக ஒரு சண்டை ஓடுகிறது. "வழக்கொழிந்த" என்றால் ஏற்கெனவே செத்துவிட்டது என்று பொருள். "நீக்கப்பட்ட" என்று நான் முன்பு எழுதியதைப் படித்த ஒருவர், செயற்கூறு இப்போதே இல்லை என்று எண்ணித் தன் நிரலில் அந்தப் பகுதியையே அழித்துவிட்டார். "கைவிடப்பட்ட" என்றால் பராமரிப்பு இல்லை என்று தோன்றும். யூனிகோடிலோ இப்படிக் குறித்த எழுத்துகள் என்றைக்கும் நீக்கப்படுவதில்லை. ஒரு முறை இடம் கொடுத்தால் கொடுத்ததுதான். அங்கே அந்தக் குறிக்கு "இனிப் பாவிக்க வேண்டாம்" என்பது மட்டுமே பொருள். நூலகங்களில் அதோடு "போகப் போகிறது" என்பதும் சேர்கிறது. ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது.

நான் சொல்லையே விட்டுவிட்டேன். முழு வாக்கியம் எழுதுகிறேன்: "புதிய நிரலில் இதைப் பாவிக்க வேண்டாம். எழுத்து_மாற்று பாவிக்கவும். 3.0 வரை இது வேலை செய்யும்." கடைசி வாக்கியத்தைச் சேர்த்த பிறகுதான் பதறி எடுக்கும் தொலைபேசி அழைப்புகள் நின்றன.

2025 பெப்ரவரி 23

கல்முனைத் தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார். தன் நூலகத்தை யார் பாவிக்கிறார்கள் என்று தேடியதில் ஏழு இடங்கள் தெரிந்தனவாம். அவற்றில் ஒன்று தான் படித்த பள்ளிக்கூடத்தின் மாணவர் பதிவேடு. பழைய பெயரை வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார். "தெரியாத இடங்களை என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

தெரியாத இடங்களுக்குத்தான் எச்சரிக்கை. தெரிந்த இடங்களுக்குத் தொலைபேசி எடுங்கள். நான் பட்டியல் போட்டபோது பதினொன்று வந்தது. நான்கு இடங்களில் நிரல் எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், மாற்றத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. அந்த நான்கையும் நானே போய் மாற்றிக் கொடுக்கிறேன். ஒரு பெயரை மாற்றுவதற்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். பெயரை மாற்ற முடிவெடுத்தவன் நான்தானே.

2025 மே 4

அறுவடையும் சித்திரைப் புத்தாண்டும் கழிந்து ஆலைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை ஐயாவின் மேசையில் கார்பன் புத்தகம் இன்னும் இருக்கிறது, கணினிக்குப் பக்கத்தில், எட்டும் தூரத்தில். "அது இருக்கட்டும் மகன்" என்றார். பையனும் இருந்தான். பதிப்பு எண்ணைக் குறித்து ஏற்றுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். பழைய பெயர் வந்த ஆறு இடங்களை அவனே மாற்றினான். பிறகு ஒரு சீட்டு அச்சடித்துப் பார்த்தோம். விவசாயியின் பெயர் சரியாக வந்தது.

2025 மே 29

3.0 எப்போது என்று கேட்பவர்களுக்கு: பதினொன்றில் பத்து முடிந்தது. மீதி ஏறாவூரில் ஒரு கடை. கணினி முதலாளியின் அறையில் பூட்டியிருக்கிறது. அவர் ஹஜ்ஜுக்குப் போயிருக்கிறார். வந்ததும் போய் மாற்றிவிட்டு வெளியிடுகிறேன்.